மஞ்சள் கட்டங்கள்

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு வேலை பார்க்கிற ஒருவனுக்கு இந்தத் தப்பு வந்திருக்காது. திருவனந்தபுரத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்களை வீட்டிலிருந்து ஏற்றி, திரும்பக் கொண்டுவிடுகிற ஒரு டிராவல்ஸில் டிரைவர்களுக்கு டியூட்டி சார்ட் போடுகிறவன் நான். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, வண்டி ஓட்டுகிற நேரத்துக்குப் பச்சை அடிப்பேன், ஓய்வு நேரத்துக்கு மஞ்சள் அடிப்பேன். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு மஞ்சள் இருந்தே தீரவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மஞ்சளை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் என் சாமர்த்தியம் எல்லாம்.

எடுக்கிற இடம் சுலபம். ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்த ஷிப்ட் முடிகிறவரை பஸ் ஆபீஸ் வாசலில் நிற்கும். டிரைவர் வண்டியிலேயே இருப்பார். செக்யூரிட்டி நகர்த்தச் சொன்னால் நகர்த்துவார், யாராவது லேப்டாப்பை மறந்துவிட்டு ஓடி வந்தால் கதவைத் திறப்பார். ஓட்டவில்லை அல்லவா? மஞ்சள்.

பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு டிரைவர் மட்டும் ஒருநாள் சார்ட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "சாரே, வண்டிய விட்டு மாறப்படாதுன்னும் சொல்லுதிய, ரெஸ்ட்டுன்னும் எழுதுதிய. ரெண்டுல ஏதாவது ஒண்ண எழுதுங்க, பாப்போம்" என்றார். ஏசி ஓடுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு பேச்சா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு ஒரு வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்த வருஷம் மே மாத லீவுக்கு என் தங்கை கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தாள். அவள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அப்போது பதினோரு வயதான எங்கள் மகள். ஐந்து நாள் லீவில் எதை எங்கே பார்ப்பது என்று திட்டம் போடும் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. நானாகவே எடுத்துக்கொண்டேன்.

தங்கை போனமுறை வந்தபோது, ஓட்டமாக ஓடவைத்துக் கொன்றுவிட்டாய் அண்ணா, ஊருக்குப் போய் இரண்டு நாள் படுத்தேன் என்று புகார் சொல்லியிருந்தாள். அது மனதில் இருந்தது. அதனால் இந்தமுறை ஓய்வுதான் பிரதானம் என்று முடிவு செய்தேன். ஊருக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற தீம் பார்க்குக்கு ஒரு முழுநாள் ஒதுக்கி, அந்த நாளுக்கு மட்டும் தனி சார்ட் போட்டேன். ஆறு பேருக்கும் ஆறு வரிசை. ராட்டினம், சறுக்கு, படகு எல்லாம் பச்சை. நடுவில் யாருக்கும் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பச்சை வராதபடி மஞ்சள். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் மஞ்சள். லேமினேட் செய்துகூட எடுத்துவந்தேன், தண்ணீரில் நனையுமே என்று.

என் மனைவியின் வரிசையில்தான் மஞ்சள் அதிகம். அவளுக்கு ராட்டினம் ஏறினால் தலை சுற்றும், உயரமான சறுக்கு பயம். ஆகவே குழந்தைகளும் மற்றவர்களும் அங்கெல்லாம் போகும்போது அவள் ஷெட்டில் பைகளோடு உட்கார்ந்திருப்பாள். ஷெட் என்றால் சும்மா இல்லை, மேலே மின்விசிறி ஓடுகிற நல்ல ஷெட். அதை அவளிடம் காட்டி, பார்த்தாயா, இந்த வீட்டிலேயே உனக்குத்தான் அதிகம் ரெஸ்ட் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சார்ட்டை வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் வரிசையில் ஒரே ஒரு பச்சையை அவளே விரலால் தொட்டுக் காட்டினாள். சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தேகால்வரை, அலைக்குளம், எல்லோரும். அது அவள் கேட்டு நான் போட்டது. அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவள் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. ஆறு தெரியும், கடல் தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு சங்குமுகம் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். கணுக்கால் நனைகிறவரை போவாள், அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் மணல் கரைவது தெரிந்ததும் ஓடிவந்துவிடுவாள். அவள் டைப்பிஸ்டாக இருக்கிற வக்கீல் ஆபீசில் யாரோ அலைக்குளத்தில் மிதக்கிற வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். சங்கு ஊதியதும் அலை வருகிறது, கால் மணி நேரத்தில் தானாக நின்றுபோகிறது.

"அலை வந்து என்னைத் தூக்கணும். ஆனா கொண்டுபோயிடப்படாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது" என்றாள் என்னிடம்.

குளத்தில் பருத்தித் துணியோடு இறங்க விடமாட்டார்கள், நைலான்தான் வேண்டும். அதற்காகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், கழுத்துவரை மூடி, முழுக்கை வைத்து, கணுக்கால்வரை வருகிற கருநீல உடுப்பு ஒன்று வாங்கிவந்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு மட்டும் போட்டுக் காட்டினாள். உள்ளே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. எனக்குக் காட்டவில்லை. அங்கே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அந்த நாள் வந்தது. அவள் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை வெளியில் சாப்பிடுகிறவர் அல்ல. அதனால் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, தயிர் சாதம், சேப்பங்கிழங்கு வறுவல், குழந்தைக்குத் தனியாகப் பருப்பு சாதம். ஆறு பேருக்கும் மாற்றுத்துணி, துண்டு, ஜமுக்காளம், மாத்திரை. எல்லாம் சேர்ந்து நாலு பை. பார்க்கில் பூட்டி வைக்கிற பெட்டி ஒரு பர்சும் செல்போனும் வைக்கிற அளவுதான். தூக்குச்சட்டியும் அடுக்கும் அதற்குள் போகாது. ஆகவே பைகளுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே எனக்குத் தெரியும். சார்ட்டில் அதற்கு வரிசை போடவில்லை. வரிசை போடாமலேயே அந்த இடத்துக்கு யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாப்பிள்ளையைப் பை பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. அவர் நல்ல மனுஷர், சொன்னால் செய்வார். ஆனால் எங்கள் வீடுகளில் மாப்பிள்ளையை அப்படி உட்காரவைத்தால் அந்தப் பேச்சு கும்பகோணம்வரை போய் அங்கிருந்து வேறு வடிவத்தில் திரும்பி வரும். தங்கையைச் சொல்லலாம் என்றால் அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற பெண், வருஷத்தில் ஐந்து நாள். என்னைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான்தான் சார்ட்டைப் பார்த்து எல்லோரையும் அடுத்த இடத்துக்கு அழைத்துப் போகிறவன் ஆயிற்றே. மிச்சம் இருந்தது மன்னி. தங்கை என் மனைவியை மன்னி என்று கூப்பிடுவதால் அந்த ஐந்து நாளும் எல்லோரும், சில சமயம் நான்கூட, அவளை மன்னி என்றுதான் சொன்னோம்.

சார்ட் அபாரமாக வேலை செய்தது. அதை மறைக்காமல் சொல்லவேண்டும். குழந்தைகள் அழவில்லை, யாருக்கும் தலைவலி வரவில்லை. மற்றக் குடும்பங்கள் வெயிலில் வாடி, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு போகும்போது நாங்கள் மஞ்சள் கட்டத்தில் ஷெட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்போம். ஜமுக்காளம் விரித்திருக்கும். போனதும் துண்டு கைக்கு வரும், மோர் வரும். மாப்பிள்ளை, ஒரு கல்யாணத்தையே நீங்கள் நடத்திவிடலாம் என்று என்னைப் பாராட்டினார். நான் மோர் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். எங்களுடைய ஒவ்வொரு மஞ்சளிலும் ஒருத்தி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எங்களுடைய பச்சையில் அவள் எங்கள் ஈரத்துணியைப் பிழிந்து கம்பியில் போட்டு, பாத்திரம் அலம்பி, பக்கத்து ஷெட்டுக்கு வந்த குரங்கை விரட்டிக்கொண்டிருந்தாள். இது எனக்கு அப்போதே தெரியும். கண் பார்த்தது. ஆனால் அவள் வரிசையில் நான் மஞ்சள் என்று எழுதியிருந்தேன், எழுதியதைத்தான் நம்பினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தங்கையின் குழந்தை தூங்கிப்போயிற்று. மூன்றரைக்கு எழுப்ப வேண்டும் என்பது சார்ட். எழுப்பவில்லை, நன்றாகத் தூங்கட்டும் என்றார் மாப்பிள்ளை. சரி என்றேன். நாலு மணிக்கு என் மனைவி உடுப்பை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைப் பக்கம் போனாள். அங்கே வரிசை நீளம். நாலு இருபதுக்கு அலைக்குளத்தில் முதல் சங்கு ஊதினார்கள். குழந்தை அசையவில்லை. எழுப்பிப் பார்த்தோம், சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தங்கை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, நான் இவளோட இருக்கேன், நீங்க எல்லாரும் போய்ட்டு வாங்கோ என்றாள். அந்த நேரம் என் மனைவி வரிசையிலிருந்து பாதியில் திரும்பி, உடுப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சங்குச் சத்தம் கேட்டு, அலை ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்து வந்திருக்கிறாள். இரண்டு பேரும் எதிரெதிரே. யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும். தங்கை இருக்கிறேன் என்று சொல்லியாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"நீ போம்மா. நீ எங்கேர்ந்தோ வந்திருக்கே. அவ இங்கதானே இருக்கா, எப்ப வேணும்னாலும் வந்துக்கலாம்" என்றேன்.

என் வாயால், என் குரலில், இருவர் காதுபடச் சொன்னேன். தங்கை மன்னியைப் பார்த்தாள். மன்னி ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க போய்ட்டு வாங்கோ. எனக்கு க்ஷீணம் ஒண்ணும் இல்லை. இதும் ரெஸ்ட்தானே" என்றாள். உடுப்பைப் பையின் அடியில் வைத்தாள். நான் நிம்மதியாகக் குளத்தைப் பார்த்து நடந்தேன். அவள் என்னுடைய சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள் என்பதுகூட உறைக்கவில்லை.

அலை நன்றாகத்தான் இருந்தது. தூக்கியது, இறக்கியது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். மாப்பிள்ளை கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, அது தலையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். ஓர் அலை என்னை உயரத் தூக்கியபோது தூரத்தில் ஷெட் தெரிந்தது. மின்விசிறி நின்றுபோயிருந்தது. கரண்ட் இல்லை போலிருக்கிறது. அவள் தூங்குகிற குழந்தைக்கு லேமினேட் செய்த என் சார்ட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினேன். அவள் சார்ட்டைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் காலை கோவிலுக்குப் போய்விட்டு வந்து, மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மகள் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். எல்லார் நைலானும் இருந்தது. அம்மாவுடையது மட்டும் இல்லை. பார்க்கில் எங்கேயாவது விட்டுவிட்டோமோ என்றுதான் முதலில் எனக்குப் பதற்றம். கீழே வந்து பையைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது. மடித்த மடிப்புக் கலையாமல், கடைச்சீட்டு நூலோடு தொங்கிக்கொண்டு. பின்னாலேயே வந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா தண்ணியில எறங்கவே இல்லையாப்பா?" என்றாள்.

நாள் முழுக்க எங்களோடு இருந்த பெண் அவள். அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது. நான் உடுப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தேன், திருடியதை ஒளிக்கிற மாதிரி. பாறசாலை டிரைவரின் விரல் சார்ட்டின் மேல் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை விட்டு மாறக்கூடாது, ஆனால் ரெஸ்ட். பையை விட்டு மாறக்கூடாது, ஆனால் ரெஸ்ட். அவருக்காவது வாய் இருந்தது, கேட்டார். சம்பளம் வாங்குகிறவருக்கு இருக்கிற அந்த வாய் என் வீட்டில் ஒருத்திக்கு இல்லாதபடி பதினான்கு வருஷமாக நான் வைத்திருந்தேன்.

சரி, தப்புத் தெரிந்துவிட்டது, திருத்திக்கொண்டேன் என்று இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். நான் திருத்திய லட்சணத்தையும் சொல்லவேண்டும். அடுத்த நாள் பொன்முடி மலை. போகிற வழியில் கல்லாற்றில் நிறுத்தினோம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் இறங்க, அவள் வழக்கம்போல் பாறையில் உட்கார்ந்து செருப்புகளைக் குரங்கு தூக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீரில் நின்றபடியே, உரக்க, எல்லோரும் கேட்கும்படி, நீ இறங்கு, நான் செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன், நீ மட்டும் என்ன வேலைக்காரியா என்றேன். மாப்பிள்ளை முகம் சிவந்து, மன்னி நீங்க இறங்குங்கோ, நான் இருக்கேன் என்று வழுக்கி விழாத குறையாகக் கரையேறினார். தங்கை கண்கலங்கி, எங்களால் உங்களுக்குச் சிரமம் என்று ஆரம்பித்தாள். என் மனைவி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி, இறங்கி, ஒரு நிமிஷம் நின்றுவிட்டு ஏறிவிட்டாள். காரில் என் பக்கம் குனிந்து, எல்லார் முன்னாலும் எதற்கு என்னை இப்படி நிற்கவைத்தீர்கள் என்று மெல்லக் கேட்டாள். ஊர் திரும்பும்வரை தங்கை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, மன்னிக்கு உதவுகிறேன் என்று. லீவு அவளுக்கும் கெட்டது.

ஆபீசில் மட்டும் காரியம் சுத்தமாக நடந்தது. ஒரு வாரத்துக்குள் சார்ட்டை மாற்றினேன். வண்டியோடு நிற்கிற நேரத்துக்கு ஆரஞ்சு என்று புதிதாக ஒரு நிறம் வைத்து, அதை ஓய்வில் சேர்க்கக்கூடாது என்று மேனேஜரிடம் வாதாடி வாங்கினேன். பாறசாலைக்காரர் ஒரு பொட்டலம் ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டிரைவர்களுக்கு ஒரு வாரத்தில் செய்ய முடிந்ததை என் மனைவிக்குச் செய்ய ஐந்து மாதம் ஆயிற்று. மழை வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, ஓணம் வந்தது, பிறகு நவராத்திரி. ஒன்பது நாளும் கொலு, சுண்டல், வந்தவர்களுக்கெல்லாம் வெற்றிலைபாக்கு, நடுவில் ஆபீசும். பொம்மைகளைப் பெட்டியில் கட்டிவைத்த மறுநாள் நான் லீவு போட்டேன். அவளையும் லீவு போடச் சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்தில். நாங்கள் இரண்டு பேர் மட்டும், சார்ட் இல்லாமல், சாப்பாடு கட்டாமல். ஒரே ஒரு துணிப்பை, அதில் அந்த உடுப்பும் ஒரு துண்டும்.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. வார நாள், கூட்டமே இல்லை. கேன்டீனில் மசால் தோசை சாப்பிட்டோம். சாப்பிட்ட உடனே தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லி, அதே ஷெட்டில் போய் உட்கார்ந்தோம். மணி ஒன்றரை. வார நாட்களில் இரண்டு மணிக்கு அலை, பிறகு மணிக்கு ஒருதடவை, கடைசி ஐந்துக்கு என்று பலகையில் எழுதியிருந்தது.

"அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன். சங்கு ஊதினா எழுப்புங்கோ, கேட்டேளா" என்றாள்.

துணிப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவள் கண்ணிமைகூட அசையவில்லை. தோளைத் தொடப் போனேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, குழந்தை மாதிரி ஒரு கை கன்னத்துக்கடியில். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரசவத்துக்குப் பிறகுகூட இல்லை. ஒன்பது நாள் சுண்டல் அந்த முகத்தில் இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு எழுப்பலாம் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு இன்னும் ஆழமாகத் தூங்கினாள். ஒரு ஈ வந்தது, விரட்டினேன். துண்டால் விசிறினேன். நாலு மணிக்குள் எனக்குள் ஒரு திருப்தி வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இப்போது அதிகம் கூசுகிறது. அன்றைக்கு அவளுக்குக் கிடைக்காத ஓய்வை இன்றைக்கு நான் கொடுக்கிறேன், நிஜமான மஞ்சள், நான் காவல், அவள் தூக்கம் என்று நினைத்தேன். பார்க்க யாராவது இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றியது. ஐந்து மணிச் சங்கு ஊதியபோது, இது கடைசி என்று தெரிந்தே, அவள் காதுப்பக்கம் துண்டை மெதுவாக மறைத்துப் பிடித்தேன்.

அவள் ஐந்து இருபதுக்கு எழுந்தாள். எழுந்ததும் குளத்தைத்தான் பார்த்தாள். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. ஒருவர் நீளக்கம்பு வைத்த வலையால் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். மணி என்ன என்றாள். சொன்னேன். நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினாய், எனக்கு எழுப்ப மனசே வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் பையை எடுத்து, உள்ளே உடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கார் கிளம்பிக் கொஞ்சதூரம் வந்த பிறகுதான் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"தூங்கறதுக்கு நம்மாத்துல பாயும் தலகாணியும் இருக்கே. இங்க வந்தது தூங்கறதுக்கா? அன்னிக்கு எனக்கு என்ன வேணும்னு நீங்க எழுதினேள். இன்னிக்கும் நீங்கதான் எழுதினேள்."

அடுத்த வாரமே வரலாம் என்றேன். பார்க்கலாம் என்றாள். அதற்குப் பிறகு நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒருதடவை முழங்கால் வலி, ஒருதடவை ஆபீசில் வேலை. மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை, அதை விடுங்கோ என்றாள். கேட்பதை நிறுத்தினேன். கேட்பதும் என் சமாதானத்துக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என எனக்குப் பட்டது. வீட்டில் இப்போது யார் எதைத் தூக்குகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். பாத்திரம் நான் தேய்க்கிறேன். போன கொலுவுக்குச் சுண்டல் நான்தான் செய்தேன். அதெல்லாம் நடக்கிறது. அந்த இரண்டு நாளை அது தொடுவதில்லை.

போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்தில் டூர் என்றார்கள், அதே பார்க்குக்கு. அவளுக்குப் பதின்மூன்று ஆகிறது, அம்மா உயரம் வந்துவிட்டாள். பழைய நைலான் முழங்காலுக்கு மேலே நின்றது. என் மனைவி பீரோவைத் திறந்து அந்தக் கருநீல உடுப்பை எடுத்து உதறினாள். நான் அறைவாசலில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றேன். மகள் அதை மேலே வைத்துப் பார்த்தாள். இது உன்னோடது இல்லையா, நீ ஒருதடவைகூடப் போட்டுக்கொண்டு இறங்கவில்லையே என்று கேட்டாள்.

"நான் அலையில போயிட்டா பையை யாருடி பாத்துப்பா?" என்று என் மனைவி சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் சிரித்த மாதிரியே.

ஒரே ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. "நான்" என்று. வாய்வரை வந்தது. அதற்குள் அவள் கடைச்சீட்டைப் பல்லால் கடித்து, நூலை அறுத்துவிட்டு, உடுப்பை மகள் கையில் கொடுத்தாள்.